எருமைக்கு வந்த ரேஸ் வண்டி

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்கொடி இறங்கின சூட்டோடு சூடாக, கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், திருவக்கரை ரோட்டில் வாடகைக்குப் பிடித்த இரண்டு உழவு மாடுகள் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தன. முந்தின நாள் பெய்த மழையில் ரோடு முழுக்கச் செம்மண் சேறு. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சனங்கள் வக்கிரகாளியை மறந்துவிட்டு ஓரமாக நின்று வாய் பிளந்து பார்த்தார்கள். முன்னால் நீண்ட மூக்கு. பின்னால் கூம்பாக ஒடுங்கிப்போகும் வால். கதவு இல்லை, கூரை இல்லை. நெருக்கியடித்து இரண்டு பேர் உட்காரலாம். ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்க வேண்டும். இப்போது அதன்மேல் கோழி எச்சம் வெள்ளையடித்திருந்தது.

மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவன் ஆதிநாராயணன். திண்டிவனத்தில் ஒரு பஸ் ஷெட்டில் மெக்கானிக். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவான். மற்ற நாளெல்லாம் நிலத்தையும் மாட்டையும் பார்த்துக்கொள்வது அவன் பெண்டாட்டி கிளியம்மாள்தான். கிணற்றில் கவலை கட்டி, தோல்பையால் தண்ணீர் இறைக்க இருந்த ஒரே ஜோடி மாடும் கிழடு தட்டிவிட்டதால், தன் தாய்வீட்டுச் சீராக அண்ணன் பச்சைமுத்து ஓட்டிவிட்ட சினை எருமையைக் கொடுத்துவிட்டு, நல்ல ஜோடிக் காளை மாற்றிக்கொண்டு வரச்சொல்லி அவள்தான் புருஷனை அனுப்பியிருந்தாள்.

வாசலில் சாணம் தட்டிக்கொண்டிருந்தவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தாள்.

"எருமை எங்கய்யா?"

"இதான்."

"எது?"

"இந்த வண்டிதான். மாத்திக்கினு வந்துட்டேன்."

கிளியம்மாள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். வாலைத் தட்டிப் பார்த்தாள். டங்கென்றது.

"பால் குடுக்குமா?"

"கிளி, இது ரேஸ் வண்டி. பிரான்சுல ஓடினது. இந்த மாதிரி வண்டி இந்த ஜில்லாவுலயே கிடையாது."

"எங்கூட்டு எருமை மாதிரிகூடத்தான் இந்த ஜில்லாவுல கிடையாது" என்றாள். லீவில் அவன் வீட்டில் இருந்த நான்கு நாளும் அவள் அவனோடு பேசவில்லை. சோறு மட்டும் வைத்தாள். அதுவும் ஆறிப்போன களி.

வண்டியோடு வரவேண்டிய ஸ்டார்ட்டிங் ஹேண்டில் பாண்டிச்சேரியிலேயே தங்கிவிட்டது. அதைச் சாக்குத்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை லூர்துமேரி வந்துசேர்ந்தாள். பிரெஞ்சு துரை வீட்டில் சமையல் செய்தவள். துரை குடும்பம் கப்பலேறும்போது, இதை நீயே வைத்துக்கொள் என்று அவளிடம் விட்டுப்போன வண்டி அது. கோழி அடையத்தான் அவளுக்கு உதவியது. எருமை இருந்தால் பால் விற்றுப் பிழைக்கலாம் என்று நினைத்திருந்த நேரத்தில், எருமையோடு ஆதிநாராயணன் அவள் வீட்டு வழியாகப் போயிருக்கிறான்.

"கன்னு போட்டுச்சா?" என்று எடுத்தவுடன் கேட்டாள் கிளியம்மாள்.

"கெடேரிம்மா. ஒன் பேரத்தான் வெச்சிருக்கேன்."

கிளியம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே லூர்துமேரி வண்டியின் கதையைச் சொன்னாள். துரை வாலிபனாக இருந்தபோது அதைப் பந்தயத்துக்கென்றே சொல்லிச் செய்து வாங்கினாராம். பிரான்சு தேசத்து மலை ரோட்டிலெல்லாம் ஓடி வெள்ளிக் கோப்பை வாங்கிய வண்டியாம். இங்கே வேலைக்கு வரும்போது விட்டுவர மனசில்லாமல் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாராம்.

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் கடக்கரை ரோட்டுல வுடுவாரு பாரு, மீன்காரிங்கல்லாம் கூடையப் போட்டுட்டு ஓடுவாளுங்க. பக்கத்துல துரையம்மா. சொம்மா ஒக்காந்துக்கினு வர்றதில்ல. பின்னால டாங்கிலேருந்து பெட்ரோல் முன்னால வர்றதுக்குக் கையால காத்தடிக்கணும். அதுக்கொரு பம்பு இருக்குது. அந்தம்மாதான் அடிக்கும். அடிக்கலன்னா வண்டி நின்னுடும்."

"பொம்பளையா?"

"பொம்பளைதான். தலையில துணியக் கட்டிக்கினு, கத்திக்கினே அடிக்கும். யுத்தம் வந்து பெட்ரோல் கெடைக்காமப் போச்சா, அப்பறம் ஷெட்டுல போட்டவருதான். அந்தம்மாவும் செத்துப்போச்சு. அப்பால அதுங்கிட்டயே அவரு போவல."

லூர்துமேரி போன பிறகு கிளியம்மாள் தனியாக வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். பித்தளைப் பிடி போட்ட அந்தப் பம்பு இடதுகைப் பக்கம் இருந்தது. இழுத்துத் தள்ளினாள். உஸ்ஸென்று எங்கோ காற்று போயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் புருஷனிடம் பேசினாள்.

"இது ஓடுமா?"

"ஓட வெச்சிடுவேன்."

"ஓடி யாருக்கு இன்னா? எனக்குக் கவலை மாடு வரல. இது கெணத்துல தண்ணி எறைக்குமா? அதச் சொல்லு."

ஆதிநாராயணன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் அவள் கேட்டது அவன் மண்டையில் ஏறிவிட்டது. அடுத்த பங்குனிக்குள் அவன் வண்டியிலிருந்து இஞ்சினைக் கழற்றிக் கிணற்றுமேட்டில் மரச்சட்டத்தில் உட்காரவைத்து, பெல்ட் போட்டுப் பம்போடு இணைத்துவிட்டான். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் சீமெண்ணெய்க்கு மாற்றினால் ஓடியது. முதல் தண்ணீர் குழாயிலிருந்து பாய்ந்து வாய்க்காலில் விழுந்தபோது, சுற்றுவட்டாரக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். கிளியம்மாள் புடவையோடு குழாய்க்கு அடியில் போய் நின்றுவிட்டாள்.

வண்டியின் உடம்பு மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்கடியில் கிடந்தது. இஞ்சின் மட்டும் மூன்று வருஷம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைக்குத் தண்ணீர் இறைத்தது. புருஷன் திண்டிவனத்தில் இருக்கும் நாட்களில் அதை ஓட்டுவது கிளியம்மாள்தான். ஹேண்டிலை ஒரே சுண்டில் கிளப்பப் பழகிவிட்டாள். களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போதே சத்தத்தில் ஒரு மாறுதல் வந்தால் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். "மூச்சு முட்டுதுடி அதுக்கு" என்று பக்கத்துக் காட்டு சின்னபொண்ணுவிடம் சொல்லிக்கொண்டே ஓடுவாள். போய்ப் பார்த்தால் சீமெண்ணெய்க் குழாயில் தூசு அடைத்திருக்கும்.

அந்தச் சத்தம்தான் இருதயராஜை இழுத்துவந்தது. விழுப்புரம் லோகோ ஷெட்டில் ரயில் டிரைவர் அவன். மரக்காணத்தில் மீன் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அந்த வழியாகத் திரும்பியவன், ரோட்டில் நிறுத்திக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு வரப்பில் இறங்கி நடந்து வந்தான். அது மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஆதிநாராயணன் வீட்டில் இருந்தான்.

"அண்ணே, இது பம்புசெட்டு சத்தம் இல்லியே."

"இல்லதான்" என்றான் ஆதிநாராயணன். அவன் முகம் பூரித்துவிட்டது. மூன்று வருஷமாக யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் அவன். கொட்டகைக்குக் கூட்டிப்போய் வைக்கோலை வாரித் தள்ளினான். அந்த வால் வெளியே தெரிந்ததும் இருதயராஜ் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அடப்பாவி மனுசா! இத வைக்கலுக்கடியில போட்டு வெச்சிக்கினு... உளுந்தூர்பேட்டையில ரேஸ் நடக்கப்போவுது, தெரியுமா? யுத்தத்துல ஏரோப்ளேன் எறங்கப் போட்ட மைதானம் இருக்குதே, அங்க. மெட்ராஸ் கிளப்புக்காரங்க நடத்துறாங்க. பழைய வண்டிக்குன்னே தனியா ஒரு பந்தயம். பங்குனி ரெண்டாவது ஞாயிறு."

ஆதிநாராயணன் கிளியம்மாளைப் பார்த்தான். கிளியம்மாள் மல்லாட்டைக் காட்டைப் பார்த்தாள். செடி மஞ்சளாகப் பூத்துக்கிடந்தது. பங்குனியில்தான் விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கும். அப்போது ஒரு தண்ணீர் தவறினால் காய் உள்ளே பருப்பில்லாமல் பொக்கையாகிவிடும். இஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றி, ஓட்டிப் பார்த்து, பந்தயத்துக்குப் போய்த் திரும்பி, மறுபடி கிணற்றில் இறக்க வாரத்துக்கு மேல் ஆகும்.

அவித்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி இருதயராஜ் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சேதி பச்சைமுத்துவின் காதுக்குப் போய்விட்டது. ரெண்டு ஊர் தள்ளியிருப்பவர். தங்கச்சி குடும்பத்தில் எது நடந்தாலும் முதலில் வந்து நிற்பவர். எருமை போன கோபம் அவருக்கு இன்னும் அடங்கவில்லை. வேப்பமரத்தடியில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, பூத்து நிக்கிற பயிர வுட்டுட்டு இஞ்சினக் கழட்டப் போறியாமே?"

"ஒரு வாரந்தான் மச்சான்."

"ஒரு வாரம் நீ சோறு திங்காம இருப்பியா? இந்த வெயில்ல எப்படிய்யா தாங்கும்? எருமையத் தொலைச்ச, கம்முனு இருந்தேன். இப்ப வெள்ளாமையத் தொலைக்கப்போற. கேட்டுக்கோ. பயிரு காஞ்சிதுன்னா என் தங்கச்சி உன் வூட்டுல இருக்கமாட்டா. கூட்டிக்கினு போயிடுவேன்."

ஆதிநாராயணன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

கிளியம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அண்ணா, பயிர வெச்சவ யாரு?"

"நீதான்."

"களை எடுத்தவ?"

"நீதான், அதுக்கின்னா இப்ப?"

"அப்ப காஞ்சா நான் அழுதுக்கறேன். நீ ஏன் இப்பவே அழுவுற?" என்றாள். "மூணு வருஷம் நான் சொன்ன எடத்துல நின்னு தண்ணி எறைச்சுது அந்த இஞ்சினு. ஒரு வாரம் அந்தாளு சொல்ற எடத்துல ஓடட்டும். பந்தயத்துக்குப் பொறந்தத எவ்வளோ நாளைக்குத்தான் கெணத்துல கட்டிப்போடுறது?"

பச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூழ்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் நிதானமாக நடக்கவில்லை. எல்லாம் ஓட்டம்தான். ஆதிநாராயணன் பஸ் ஷெட்டில் லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டான். கழற்றுவதற்கு முன்னால் கடைசியாகக் கிணறு அடிதட்ட இறைத்துக் காட்டை நனைத்தார்கள். பிறகு சின்னபொண்ணுவும் அவள் புருஷனும் பிடிக்க, ஆறேழு பேர் சேர்ந்து மூங்கில் போட்டு இஞ்சினைத் தூக்கினார்கள். சாமி தூக்குவதுபோல வரப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தன் நிஜமாகவே கோவிந்தா போட்டான். தேய்ந்துபோன புஷ் வளையங்களுக்குப் பதில் புதியவற்றை இருதயராஜ் விழுப்புரத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிக்கொண்டு வந்தான். டயர்தான் பேஜாராக இருந்தது. அந்த அளவு எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் திண்டிவனத்தில் ஒரு பழைய சாமான் கடையில், கோணிமூட்டைக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. பொருந்தியதும் ஆதிநாராயணன் டயரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தான். கடைக்காரர் பயந்துபோனார்.

பந்தயத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் வண்டியைக் கிளப்பினார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பம்படிக்க இருதயராஜ் விழுப்புரத்தில் ஏறிக்கொள்வதாகப் பேச்சு. அதுவரைக்கும் கிளியம்மாள் உட்கார்ந்தாள். மடியில் புளிச்சோற்று மூட்டை. மயிலம் தாண்டி டிரங்க் ரோட்டில் ஏறியதும் ஆதிநாராயணன் காலை அழுத்தினான்.

கிளியம்மாளுக்கு முதலில் மூச்சே வரவில்லை. காற்று கொண்டையை அவிழ்த்துவிட்டது. புளியமரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோலப் பின்னால் ஓடின. விக்கிரவாண்டி தாண்டும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் ஒரு பாசஞ்சர் ரயில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலெல்லாம் தலைகள்.

"யோவ், அதத் தாண்டுய்யா!"

"எதுக்கு?"

"தாண்டுன்னா தாண்டு!"

தாண்டினார்கள். அவள் பம்படித்துக்கொண்டே ரயிலைப் பார்த்துக் கையாட்டினாள். ரயிலில் இருந்தவர்கள் துண்டை வீசினார்கள். முண்டியம்பாக்கம் வருவதற்குள் அவள் தொண்டை கட்டிவிட்டது. கத்தியது தான்தான் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

விழுப்புரத்தில் லோகோ ஷெட் வாசலில் இருதயராஜ் காக்கி உடுப்போடு நின்றுகொண்டிருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணே, டூட்டி போட்டுட்டாங்க. ஸ்பெஷல் ரயிலு. இப்ப கெளம்பி திருச்சி போறேன். எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"அப்ப பம்பு யாரு அடிக்கிறது?"

இருதயராஜ் கிளியம்மாளைப் பார்த்தான். எண்ணெய்ப் புகையில் முகம் கறுத்து, மூக்குத்தி மட்டும் மின்னிக்கொண்டு, பம்புப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"இதுவரைக்கும் யாரு அடிச்சா?" என்று கேட்டான்.

உளுந்தூர்பேட்டை மைதானத்தில் மறுநாள் தேர்த்திருவிழாக் கூட்டம். மரத்தின்மேல் ஆள், லாரியின்மேல் ஆள். ஐஸ் விற்பவன், முறுக்கு விற்பவன், வேலியோரம் கட்டைவண்டிகள். ஓடுபாதையின் கோடிகளில் தார்ப் பீப்பாய் நிறுத்தி வளைவு போட்டிருந்தார்கள். வெயில் கொளுத்தியது. சிமெண்டுத் தரையிலிருந்து கானல் எழுந்து வண்டிகளெல்லாம் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிந்தது.

வரிசையில் நின்ற வண்டிகளைச் சோதித்துக்கொண்டு வந்த கிளப்பு அதிகாரி வேங்கடேசன் இவர்களிடம் வந்ததும் நின்றார்.

"டிரைவர் நீங்க. கூட ஒக்கார்ற மெக்கானிக் யாரு?"

"நாந்தாங்க" என்றாள் கிளியம்மாள். புடவையைக் கச்சமாக இழுத்துக் கட்டி, தலையில் துண்டை இறுக்கி முடிந்திருந்தாள்.

"அம்மா, இது வெளையாட்டில்ல. கவுந்தா உசுரு போயிடும்."

"கெணத்துமேட்டுலகூடத்தாங்க கால் தவறினா உசுரு போயிடும். மூணு வருஷமா நான்தாங்க இத ஓட்டுறேன்."

வேங்கடேசன் கொஞ்சம் யோசித்தார். "பம்பு மீட்டர் வேலை செய்யலியே. எவ்வளவு அடிக்கணும்னு எப்படித் தெரியும்?"

"காதுல கேக்குதுங்களே."

அவர் சிரித்துவிட்டார். தன் கண்ணிலிருந்த தூசிக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "இதப் போட்டுக்கோங்க. கையை வெளிய நீட்டாதீங்க."

கொடி விழுந்தது.

அத்தனை வண்டியும் ஒரே நேரத்தில் உறுமியதில் தன் இஞ்சினின் சத்தத்தைக் கிளியம்மாள் தவறவிட்டுவிட்டாள். பயத்தில் கண்டபடி அடித்தாள். பெட்ரோல் மிஞ்சிப்போய் இஞ்சின் கமறியது. நாலைந்து வண்டிகள் முந்திக்கொண்டு போய்விட்டன. "நிறுத்து, நிறுத்து" என்று ஆதிநாராயணன் கத்தினான். அவள் கையை எடுத்தாள். கண்ணை மூடினாள். காட்டில் கொத்தும்போது கேட்பாளே, அதேபோலக் கேட்டாள். மற்ற சத்தமெல்லாம் விலகி, அது மட்டும் தனியாக வந்தது. மூச்சு சீராகிறது. இப்போது ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வண்டி பாய்ந்தது.

முதல் வளைவில் பின்சக்கரம் சறுக்கியது. உள்பக்கமாகச் சாய்ந்து தன் பாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பாரவண்டி ஒருக்களித்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தாள். வளைவின் உள்பக்கம், வண்டிக்கு வெளியே இடுப்புவரை சாய்ந்து தொங்கினாள். வேலியோரம் ஓவென்று கூச்சல் கிளம்பியது. அடுத்த சுற்றில் ஒரு கறுப்பு வண்டி ஆவி பறக்க ஓரங்கட்டி நின்றது. அதற்கடுத்து இன்னும் இரண்டைத் தாண்டினார்கள். முன்னால் இருந்தது ஒரு சிவப்பு வண்டி மட்டும்தான். பெங்களூரிலிருந்து வந்த ஒரு வாலிபன் ஓட்டினான். நல்ல கைகாரன். வளைவில் இடமே கொடுக்கவில்லை.

"போய்யா! உள்ள பூருய்யா!"

"எடமில்லடி!"

"இருக்குது! போ!"

உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பித்தளைப் பிடி வழுக்கியது. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு அடித்தாள். கடைசிச் சுற்றில் வளைவை நெருங்கும்போது லாரியின்மேல் நின்ற கூட்டத்தில் ஒரு குரல் மட்டும் அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது.

"அடிடா மாப்ள! வுடாத! தங்கச்சி, அடிம்மா!"

துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு லாரிக் கூரையில் குதித்துக்கொண்டிருந்தவர் பச்சைமுத்து.

சிவப்பு வண்டி வளைவில் ஒரு முழம் அகலமாகப் போனது. அந்த ஒரு முழத்தில் ஆதிநாராயணன் நீலவண்டியின் மூக்கைச் செருகினான். பீப்பாய் ஒன்று வாலில் பட்டு உருண்டோடியது. நேர்ப்பாதையில் இரண்டும் சக்கரத்துக்குச் சக்கரம். இவள் முகத்தை அந்தப் பையனும் அவன் முகத்தை இவளும் பார்க்கும்படியான நெருக்கம். அவன் சிரித்தான். இவள் சிரிக்கவில்லை, பம்படித்தாள். கோட்டைத் தாண்டும்போது நீலமூக்கு முன்னால் இருந்தது.

வண்டி நின்றதும் கூட்டம் வேலியை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. பச்சைமுத்து எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து ஆதிநாராயணனைக் கட்டிப்பிடித்தார். தங்கச்சியின் கையைப் பிடித்துப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீ எப்படிண்ணா இங்க?"

"வராம? சொம்மா பாத்துட்டுப் போவலாம்னுதான்... நீ மொறைக்காத. என் ரெண்டு மாட்டையும் உன் கெணத்துல கட்டி, சின்னபொண்ணு புருஷன கவலை ஓட்டச்சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன்."

இஞ்சின் இறைத்த அளவுக்குக் கவலை இறைக்கவில்லை. அந்த வருஷம் மேட்டுப்பக்கத்துச் செடியெல்லாம் பொக்கைக் காய்தான். பள்ளத்துப் பயிர் பிழைத்தது. வெள்ளாமையில் கால்வாசி போயிற்று. அதற்காகக் கிளியம்மாள் அழவும் செய்தாள், சொன்னபடியே, ஒரு முழு நாள். ஆனால் அதெல்லாம் சித்திரையில் நடந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கூட்டம் கலைந்தபின், பந்தயத்தில் கொடுத்த கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பச்சைமுத்து புளியமரத்தடியில் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார். வெறிச்சோடிய ஓடுபாதையில் வெயில் தாழ்ந்து, காற்று குளிர ஆரம்பித்திருந்தது. கிளியம்மாள் வண்டியருகே போய் நின்றாள்.

"நாளைக்கி விடிஞ்சா இத கெணத்துல எறக்கிடணும் இல்ல?"

"ஆமா."

"அப்ப நீ அந்தப் பக்கம் நகுந்து ஒக்காரு."

"எதுக்கு?"

"பம்படி."

ஆதிநாராயணன் அவளைப் பார்த்தான். பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. நகர்ந்து உட்கார்ந்தான். கிளட்சைக் காட்டினான், கியரைக் காட்டினான், மெதுவாக, மெதுவாக என்றான். துணி சுற்றிய கையால் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி ஒருமுறை குதித்தது, இருமுறை குதித்தது, பிறகு வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அவள் காலை அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள். ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் சிதறி ஓடின. பச்சைமுத்து சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். ஓடுபாதை முன்னால் அகன்று, சிவந்து, முடிவே இல்லாததுபோலக் கிடந்தது. அதன் கோடியில் ஒரு வாய்க்கால் இருந்தது. அது வேகமாக வந்துகொண்டிருந்தது.

"யோவ்" என்று காற்றை மீறிக் கத்தினாள் கிளியம்மாள். முகமெல்லாம் பல்லாக இருந்தது. "பிரேக்கு எதுய்யா?"